காலி கிளாஸ்

கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் என் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் டீக்கடையில் ஆர்டர் வாங்குவது நான்தான். இயற்பியல் படித்தவள். படிப்பு முடிந்த வருஷம், யாரும் பேசாத பேச்செல்லாம் காதில் விழ ஆரம்பித்தது. விழுப்புரத்தில் மாத்திரை கொடுத்தார்கள், குரல்கள் போய்விட்டன. போகாதது ஒன்று உண்டு. நாலு பேர் ஒரே மூச்சில் சொன்னால் முதல் ஆள் சொன்னது நழுவிவிடும். அது எனக்கே நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதைத்தான் யாரும் நம்புவதில்லை.

போன மாதம் டாக்டர், "மறதி இருக்காம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். மாமா முந்திக்கொண்டார்: "அதெல்லாம் இல்லீங்க, எந்நேரமும் போன நோண்டிக்கினே இருக்கும்."

"கேள்வி எனக்கு, மாமா. இருக்குங்க டாக்டர்."

மறுநாளே, சர்க்கரை நோயுள்ள பஸ் டிரைவர் ஒருவருக்கு இனிப்பு டீயை நீட்டிவிட்டேன். ஒரு வாய் குடித்துத் துப்பினார். மாமா முகம் கறுத்தது.

"மறுபடியும் குரல் கேக்குதா?"

"இல்ல மாமா. எல்லாரும் சேந்து சொன்னாங்க, அவரு சொன்னது நழுவிடுச்சு."

"தனக்கு மறதின்னு தானே சொல்ற பைத்தியத்த நான் பாத்ததே இல்ல."

"இப்பப் பாத்துக்குங்க."

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நாளைலேருந்து உள்ள போயி கிளாஸ் கழுவு. பேஜாரு வேணாம்."

கழுவுவதில் கேவலமில்லை. ஆனால் நாலு மனிதர்களோடு பேசும் இடத்துக்கு வந்து சேர நான் பட்டது எனக்குத்தான் தெரியும். விடுவேனா?

காலையில் அவருக்கு முன்பே போய் என் இடத்தில் நின்றேன். ஆர்டர் தலைக்குள் போவதற்குள் கிளாஸுக்குள் போட்டேன். சாதா டீயா, சொல்லும்போதே சர்க்கரை. காப்பியா, சர்க்கரையோடு அடையாளத்துக்கு ஒரு ஸ்பூன். சர்க்கரை இல்லாத வித்தவுட்டா, காலி கிளாஸ். ஆட்கள் நிற்கும் வரிசையிலேயே கிளாஸ் வரிசை.

திண்டிவனம் பஸ் வந்தது. அதே டிரைவர். "வித்தவுட் பாப்பா, ஜல்தி!"

மாமா வரிசையைப் பார்த்தார். "இதுக்குச் சக்கரை போட மறந்துட்ட பாரு," என்று கரண்டியோடு வந்தார்.

கையைப் பிடித்துவிட்டேன். "போடாதீங்க. அது டிரைவர் அண்ணனோடது."

"இன்னாய்யா, இன்னிக்கி நீ கொல்லப் பாக்குறியா?" என்றார் டிரைவர் மாமாவிடம்.

மாமா கரண்டியை டப்பாவில் போட்டார். "இன்னா நிக்கிற? அடுத்த ஆளக் கேளு."

கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. சேத்துச் சொன்னா எனக்கு மறந்துடும்."