வரைபடத்தில் இல்லாத இயந்திரம்

எழுபதுகளில், புளியங்கொட்டை நீக்கும் புது இயந்திரம் ஒன்றுக்கு அரசு மானியம் தரலாமா என்று பார்வையிடக் காரிமங்கலம் போனேன். பட்டறைக்கார பாய் ஒல்லியானவர். பேசும்போதும் விரல்கள் ஒரு நட்டைத் திருகிக்கொண்டே இருந்தன.

இயந்திரம் அருமையாக ஓடியது. ஆனால் விண்ணப்பத்தோடு அனுப்பிய வரைபடத்தில் இருந்தது வேறு.

“அது கொட்டைய ஒடைச்சுப் புளியோட கலந்துருச்சுங்க சார். அதான் மாத்திப்புட்டேன்.”

“ஒரு நாளைக்குப் பழையபடி மாட்டி வைங்க பாய். கையெழுத்துப் போட்டுடறேன்.”

“சரியில்லைன்னு தெரிஞ்சத மறுபடி எப்படிங்க செய்யறது?”

‘வரைபடப்படி இல்லை’ என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், அவர் இயந்திரத்தை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பழையபடி ஆக்கவா, இன்னும் நன்றாக்கவா? போய்க் கேட்டிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.