ஒன்பது மணிக்குள் ஒரு மிஸ்ட் கோல்

மட்டக்களப்பில், சின்னக் கருவிகளுக்குள் நேரம் தவறாமல் ஓடும் இயங்குதளங்களைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்தவர் சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள். பலகையில் எழுதச் சோக்கைத் தொடமுன் வீட்டுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார். சோதனைச் சாவடிகளைத் தாண்டிவிட்டேன் என்று அதற்குப் பொருள். ஒன்பது மணிக்குள் அது வராவிட்டால், பிடித்துவிட்டார்களென்று மனைவி இராணுவ முகாம்களில் தேடத் தொடங்க வேண்டும்.

அன்றைய பாடமும் அப்படியொரு டைமர்தான். குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தொடக்கத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். தவறினால் நிரல் செத்துவிட்டதென்று அலாரம் எழும்.

பதினொரு மணிக்கு அவருடைய படத்தைப் பிடித்தபடி மனைவி வகுப்பு வாசலில் நின்றார். இரண்டு முகாம்களில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

“காலையிலிருந்து சிக்னல் இல்ல புள்ள,” என்றார் சேர்.

“அது எனக்கெப்பிடித் தெரியும்?”

மனைவி போனபின் நான் கேட்டேன், “நேரத்தக் கூட்டி வைக்கலாமே சேர்?”

“கூட்டினா, உண்மையாப் புடிச்சிட்டுப் போற அண்டைக்குத் தேடப் பிந்திரும். குறைச்சா அவ ஒவ்வொரு நாளும் இப்பிடி ஓடணும்.”

பிறகு பலகைக்குத் திரும்பி மிச்ச நிரலை எழுதினார். டைமருக்கு எத்தனை நொடி என்று போடவேண்டிய இடம் மட்டும் வகுப்பு முடியும்வரை வெறுமையாகவே கிடந்தது.