மூக்குக்குள் ஒரு வழவழப்பு

சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை காட்டப் போனபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமிகள் தனித்தனியாக இருந்தால் மருந்துக்கு அடங்கிவிடுமாம். ஒன்றாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டால் மருந்து உள்ளே எட்டுவது கஷ்டமாம். வருஷக்கணக்காக என் மூக்கு அடைத்துக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"நான் வழியைத் திறந்து விட்டுட்டேன். தினமும் உப்புத் தண்ணில கழுவுறது உங்க வேலை. மறுபடி படலம் கட்டிச்சுன்னா, திரும்ப உள்ள போக வேண்டி வரலாம்," என்றார்.

கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் நின்றது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று வயது மகள் தூங்காமல் அழுது, அவள் அப்பாவையும் அழ வைத்திருந்தாள். இன்னொரு தடவை என்று நினைக்கவே முடியவில்லை.

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டில் அன்றே வேட்டை தொடங்கியது. குக்கர் கேஸ்கெட்டில் வழவழப்பு. மகளின் சிப்பர் மூடியில் வழவழப்பு. தண்ணீர் கேன் குழாயில் கூட. பழைய டூத் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தேய்த்தேன். பிறகு அந்தப் பிரஷ்ஷை நம்பாமல் தூக்கிப் போட்டேன்.

"ஆபரேஷன் உன் மூக்குக்கா, நம்ம வீட்டுக்கா?" என்றார் கணவர்.

"சிரிங்க. நான் திரும்ப அட்மிட் ஆனா நீங்கதான் அவளத் தூங்க வைக்கணும்."

அவர் போய் இன்னொரு பிரஷ் எடுத்து வந்தார்.

மூக்கு கழுவுவதையும் குறைவில்லாமல் செய்தேன். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, பிளாஸ்டிக் பாட்டிலை ஒரு துவாரத்தில் வைத்து அமுக்கினால் மறு துவாரம் வழியாகக் கொட்டும். மகள் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். "அம்மா, இன்னொரு வாட்டி," என்பாள். முடிந்ததும் தூசி படக்கூடாதென்று பாட்டிலை இறுக்கி மூடி, எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவையும் மூடிவிடுவேன்.

அடுத்த செக்கப்புக்கு முதல் நாள் அவள் எப்படியோ டப்பாவைத் திறந்து, பாட்டிலுக்குள் விரலை விட்டிருந்தாள்.

"வழுக்குதும்மா."

நானும் விட்டுப் பார்த்தேன். வழுக்கியது.

உடனே கிளினிக்குக்கு போன் செய்தேன். "ஹேளி மேடம்," என்று கன்னடத்தில் எடுத்த நர்ஸ், என் புலம்பலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"கழுவிட்டு கவுத்து வெக்கலையா?"

"தூசி படுமேன்னு மூடி வெச்சேன் சிஸ்டர்."

"ஈரத்தோட மூடுனா அது உள்ளயே குடித்தனம் பண்ணும் மேடம். அதைத் தூக்கிப் போடுங்க. நாளைக்கு வாங்க, டாக்டர் பாக்கட்டும்."

மறுநாள் கேமரா வைத்த மெல்லிய குழாய் மூக்குக்குள் போனது. கணவர் மடியில் மகள் வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு 'ம்' சொன்னார். அது நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா என்று நான் யோசிப்பதற்குள் இன்னொன்று சொன்னார்.

"நல்லாத்தான் ஆறிட்டு வருது. கொஞ்சம் பொருக்கு இருக்கு, அவ்வளவுதான். படலம் எதுவும் தெரியல."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

திரையை என் பக்கம் திருப்பினார். ரோஸ் நிறச் சுவர் ஒன்று மினுமினுத்தது.

"அங்க வழவழன்னு இருக்கே?"

"அது மூக்கும்மா. அப்படித்தான் இருக்கணும். அதையும் தேய்ச்சுராதீங்க."

கணவர் மகளின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். வெளியே வந்து மருந்துக்கடையில் இரண்டு பாட்டில் வாங்கினேன், ஒன்று காயும்போது மற்றொன்றில் கழுவலாம் என்று. ஆட்டோவில் ஏறியபின், மூன்றாக வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது.