பொட்டு வைத்த நாலு ஜா

அன்று காலை வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். மச்சான் கும்மிடிப்பூண்டியில் பழைய மெஷின் வாங்கி விற்பவர். என் மரக் கடைசல் லேத்துக்குக் கடனில் ஒரு சக் கொடுத்திருந்தார். கட்டையைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு அது. அதை நம்பித்தான் ஒரு கல்யாணத்துக்குக் குங்குமச் சிமிழ் ஆர்டர் பிடித்திருந்தேன். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்திருந்தார். ஓடாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவாரே என்று விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. கட்டையைப் பல்லாகக் கவ்வுகிற சக்கின் நாலு ஜாவையும் கழற்றித் துடைத்து, உளிகளோடு பலகையில் வைத்தேன். மனைவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூஜை முடிந்ததும் நான் ஜாக்களை அள்ளி ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டேன். உப்புக் காற்று பட்டுத் துரு ஏறிவிடுமோ என்று பயம்.

காலையில் டின்னைத் திறந்தால், ஒவ்வொரு ஜாவிலும் வெட்டியிருந்த நம்பர் மேலேயே பொட்டு. அந்த வரிசையில்தான் மாட்ட வேண்டும். பூஜைப் பொட்டை அழித்தால் ஏதாவது ஆகிவிடுமோ? கை போகவில்லை. குத்துமதிப்பாக மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். கட்டை தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது. பாய்ந்து நிறுத்தினேன்.

"இன்னா மாப்ள, கட்டைக்கு சாமி வந்துட்ச்சா?"

"தெரியல மச்சான். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"உனக்கு ஒத்துக்கலன்னா குடுத்துடு. கவரப்பேட்டைல ஒரு ஆளு ரொக்கமா தரேன்னு நிக்கிறான். நானும் எத்தினி நாளு சும்மா இருக்கறது?"

சிமிழுக்கு வாங்கிய அட்வான்ஸ் மரமாக மூலையில் கிடந்தது.

"நம்பர் பாத்து மாட்னியா?" என்றாள் மனைவி.

"பொட்டு மறைச்சுக்கினு இருக்குது."

"தொட்சிட்டுப் பாக்கறதுதானே?"

"பூஜை போட்டதாச்சே..."

"அய்யய்ய! குங்குமம் நெத்திக்கு வந்தா குத்தமா?" என்றவள், சக்கிலிருந்து ஜாக்களைக் கழற்றச் சொன்னாள். ஒவ்வொன்றிலிருந்தும் குங்குமத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். நம்பர்கள் தெரிந்தன. இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. வரிசைப்படி மாட்டினேன். கட்டை அசையாமல் சுற்றியது.

மச்சான் சுருண்டு விழுந்த மரச்சீவலைக் கிள்ளிப் பார்த்தார். "இந்த ஜாவ ஒயுங்கா எடுத்து வெக்க ஒரு எடம் இல்லியா? பிஸ்கட் டப்பாலயா போடுவ?"

மனைவி உள்ளே போய் நாலு குழி இட்லித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். குழிக்கு ஒரு ஜா. பெயிண்டால் குழிகளுக்கும் நம்பர் போட்டேன்.

"அப்ப இட்லிக்கு?" என்றார் மச்சான்.

"இனிமே தோசைதான்ணா."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தவர், சக்கைக் கேட்கவில்லை. தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன், திரும்பி வந்துவிடுவாரோ என்று. வரவில்லை. சக் என்னிடமே இருக்கிறது. அதற்கு நான் இன்னும் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.