இரண்டு கையும் தெரிய வேண்டும்

ஆம்பிளைகள் துவக்கைப் பற்றி வாயூறக் கதைப்பதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எழும்பிப் போய்விடத் தோன்றும். யூரோக் காசு புழக்கத்துக்கு வந்து இரண்டொரு வருடம் கழித்து, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் கதைதான் நடந்தது. கதைப்பது என் கணவரும் அவருடைய சிநேகிதர் ஒருவரும். கட்லட் பொரித்துக் கொண்டுவந்து வைக்கிற வேலை என்னுடையது.

எல்லாம் எங்கள் கியோஸ்கின் கண்ணாடி உடைந்ததில் தொடங்கியது. பத்திரிகை, பியர், இனிப்பு, சிகரெட் விற்கிற சின்னக் கடை. யாரோ கண்ணாடியை நொறுக்கி சிகரெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடிக்குக் காப்புறுதி பொறுப்பெடுத்தது. கணவருக்குப் பட்ட ரோசத்துக்குத்தான் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை. அதற்கு மருந்து சொன்னவர் இந்தச் சிநேகிதர். காஸ் துவக்கு ஒன்று வாங்கச் சொன்னார். சுட்டால் குண்டு வராது, கண்ணை எரிக்கிற காஸ்தான் வரும், ஆனால் பார்க்கிறவனுக்கு அசலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது என்றார். அதைத்தான் பெரிய நன்மையாகச் சொன்னார்.

வாங்கியாயிற்று. வெளியில் கொண்டு திரிவதற்கு அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும் என் கணவர் ஒரு நாள் கூடச் சுணங்கவில்லை. அன்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பினார், டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் பொலிசுக்குப் போய் வந்தார். கடதாசி கையில் கிடைத்த அன்று அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கோட்டின் உள்பையில் வைத்துத் தடவிப் பார்த்தார். எங்கள் கலியாணப் படத்தைக் கூட அவர் இவ்வளவு பக்குவமாக வைத்ததில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரத்தில் ஏறத்தானே வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

சிநேகிதர் எண்பத்து மூன்றுக் கலவரம் முடிந்த கையோடு கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர். துவக்கு வெடிக்கிற சத்தத்தை வீடியோக் கசெட்டில் தவிர வேறெங்கும் கேட்டிராதவர். ஆனால் பாடம் எடுப்பது அவர்தான். கதிரையை விட்டு எழும்பி, கட்லட்டைத் துவக்காகப் பிடித்து, என் கம்பளத்தில் தூள் கொட்டக் கொட்டச் செய்து காட்டுவார். முந்தி எடுக்கிறவன்தான் மிஞ்சுவான், யோசிக்கிறவன் செத்தான் என்பார். நெஞ்சின் நடுவைப் பார்க்க வேண்டும், முதுகு காட்டக் கூடாது, பக்கவாட்டில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பார். அறுபது வயதை எட்டிப் பார்க்கிற மனிதர், தொந்தியைத் தூக்கிக்கொண்டு என் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடப்பார். என் கணவர் பின்னால் நடப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

ஏனென்றால் எனக்கும் பாடம் தெரியும். நான் தொண்ணூற்றாறு வரைக்கும் ஊரில் இருந்தவள். வெடிச் சத்தம் கேட்டால் முதலில் விழுந்து படுக்க வேண்டும், எங்கே என்று எட்டிப் பார்க்கக் கூடாது. யன்னலுக்குக் கிட்டப் போகக் கூடாது. கதவுக்குப் பின்னால் ஒளிப்பதும் வெளியில் நிற்பதும் ஒன்றுதான், கல்சுவருக்குப் பின்னால் போக வேண்டும். ஷெல் என்றால் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. துவக்கு வைத்திருக்கிறவனுக்கு முன்னால் நிற்க நேர்ந்தால் உன்னுடைய இரண்டு கையும் வெறுங்கையாக அவனுக்குத் தெரிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். சிநேகிதர் தட்டில் இருந்த கடைசிக் கட்லட்டை எடுத்தபடி, "அது பயந்த ஆக்களின்ர வேலை, தங்கச்சி" என்றார்.

பயந்த ஆக்கள்தான். பயந்தபடியால்தான் மிஞ்சியிருக்கிறோம். அதைச் சொல்லாமல் வெறுந்தட்டோடு குசினிக்குள் போய்விட்டேன்.

என் கணவர் அவரைப் போல ஒன்றும் அறியாதவர் அல்ல. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்காகக் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் எட்டு மாதம் காத்துக் கிடந்தவர். சந்திக்குச் சந்தி ஆமி மறிக்கும். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சீருடை கண்ணில் பட்டால், அவன் கேட்பதற்கு முன்னமே கை சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிடும். இங்கே வந்த பிறகும் அது போகவில்லை. டிராமில் ரிக்கெட் பரிசோதகர் ஏறினால் ரிக்கெட்டோடு விசாக் கடதாசியையும் சேர்த்து நீட்டுவார். நான் பகிடி பண்ணுவேன். அவர் கோபிக்க மாட்டார்.

நடந்தது ஒரு மார்கழிப் பின்னேரம். சிநேகிதர் கடைக்கு வந்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. நான் பின்னால் போத்தல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கல்லாவடியில் நின்று, கோட்டுக்குள் இருந்து துவக்கை எப்படிச் சட்டென்று எடுப்பது என்று பழகினார்கள். உள்ளே வையுங்கோ என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்ல நிமிர்ந்தபோது, ஒவ்வொரு நாளும் பத்திரிகை வாங்க வருகிற கிழவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதைக் கண்டேன். அவர் கண் துவக்கில் இருந்தது. பத்திரிகை வாங்காமலே திரும்பி, தன்னால் முடிந்த அளவு வேகமாகப் போனார். அவர் ஏன் ஓடுகிறார் என்று கேட்டேன். இவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சிநேகிதர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வெளிக்கிட்டுவிட்டார். என் கணவர் துவக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியில் நின்ற பத்திரிகைத் தட்டை உள்ளே எடுக்கப் போனார். கோட்டுக்குப் பொத்தான் போடவில்லை.

சைரன் ஒன்றும் கேட்கவில்லை. பச்சை வெள்ளைக் கார்கள் இரண்டு வந்து நின்றன. கதவைத் திறந்து அதை மறைப்பாக வைத்துக்கொண்டு ஒரு பெண் பொலிஸ் துவக்கை இரண்டு கையாலும் நீட்டினாள். சின்னப் பெட்டை, என் அக்காவின் மகளின் வயதுதான் இருக்கும். கையை உயர்த்தச் சொல்லிக் கத்தினாள். நான் கடை வாசலில் நின்றேன். என் கணவரின் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. அவர் புன்னகைத்தார். தன்னிடம் எல்லாக் கடதாசியும் இருக்கிறது என்று நம்புகிற மனிதனின் புன்னகை. பொறுங்கோ, பேப்பர் இருக்கு, பேப்பர் இருக்கு என்று அவளுடைய டொச் பாசையில் சொல்லிக்கொண்டே வலக்கையைக் கோட்டுக்குள் விட்டார்.

கை போன பக்கம் கோட்டு விலகி, இடுப்பில் துவக்குப் பிடி தெரிந்தது. அந்தப் பெட்டையின் தோள் இறுகியதைக் கண்டேன். நான் தமிழில் கத்தினேன். "வேண்டாம், கையை எடுங்கோ!"

"பொறும், காட்டுறன்" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

அடுத்துக் கத்தியதை நான் யோசித்துக் கத்தவில்லை. "அத் தெக உஸ்ஸபன்!" என்று என் வாயிலிருந்து வந்தது. இரண்டு கையையும் தூக்கு என்று அர்த்தம். கொழும்புச் சந்திகளிலும் எங்கள் ஊர்ச் சந்திகளிலும் ஆமி சொல்கிற சிங்களம். சிங்களத்தில் மரியாதையாகச் சொல்வதென்றால் உஸ்ஸன்ன. உஸ்ஸபன் என்பது மனிதரை மாடாக நினைத்து ஏவுகிறபோது சொல்வது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து வாங்கோ, போங்கோ என்று மட்டுமே சொன்ன மனிதருக்கு, நடுத்தெருவில், ஆமிக்காரனின் அதே தொண்டையில் அதைச் சொன்னேன்.

அவருடைய இரண்டு கையும் அந்தக் கணமே மேலே போயின. வெறுங்கைகள். கடதாசி பைக்குள்ளேயே கிடந்தது. ஒருவரும் சொல்லாமலே முழங்காலிலும் விழுந்து, தலையைக் குனிந்துகொண்டார். ஓடிவந்து அவரைக் குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் விலங்கில் பூட்டினார்கள். நனைந்த நிலத்தில் கன்னம் அழுந்தக் கிடந்தார்.

ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது. கடதாசியைப் பார்த்தார்கள், ரேடியோவில் கேட்டார்கள், பூட்டைக் கழற்றினார்கள். கடதாசி எல்லாம் சரியாகவே இருந்தது. துவக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதம் வரும் என்றார்கள். அந்தப் பெட்டை உள்ளே வந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுக் கிளாஸைக் கல்லாவில் வைத்தாள். தான் விசையை அழுத்தத் தொடங்கிவிட்டதாகவும், கை மேலே வந்தபடியால்தான் விட்டதாகவும் சொன்னாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. யாரில் வர வேண்டுமென்றும் தெரியவில்லை. கத்தியது என்ன மொழி என்று கேட்டாள். எங்கள் மொழி என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்ன என் வாயை எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் வந்தார். முழுக் கதையையும் கேட்டு, வலக்கையால் எடுத்ததுதான் பிழை, இடக்கையால் மெதுவாக எடுத்திருக்க வேண்டும் என்று எழும்பி நின்று செய்து காட்டத் தொடங்கினார். எனக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணை, இந்தக் கதை கதைக்கிறதெண்டால் இனி இஞ்ச வராதேங்கோ."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்தார். சிநேகிதர் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

என் கணவர் அவருக்குச் சொன்ன கதையில் ஒன்று குறைந்திருந்தது. "இவ கத்தினா, நான் கையைத் தூக்கினன்" என்று மட்டும்தான் சொன்னார். என்ன மொழியில் என்று சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. துவக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்த அன்று, கடிதத்தைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, நான் வெங்காயம் வெட்டுகிற இடத்துக்கு வந்தார். பிறகு கேட்டார்.

"உம்மட வாயில அந்தப் பாசை எப்பிடி வந்தது?"

"உங்கட கை எப்பிடி மேல போச்சுதோ, அப்பிடித்தான்" என்றேன்.