குழந்தைவேல் அண்ணன் காரில் கேட்ட சத்தம்

காலையில் முட்டை விலை வந்துவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான் அன்றும் போனைத் திறந்தேன். பண்ணைக்காரர்களும் தீவன ஆலைக்காரர்களும் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விலை வந்திருந்தது. அதற்கு நேர் கீழே குழந்தைவேல் அண்ணனின் படம். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை போட்ட பித்தான், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். விடியற்காலையில் தவறிவிட்டார் என்று அவருடைய மைத்துனர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே ஒரு மகராசன், மக்காச்சோள லோடு இறங்கிவிட்டதா என்று கேட்டிருந்தான். வந்த ஆத்திரத்தில் அவனைப் பெயர் சொல்லித் திட்டி எழுதினேன், பிறகு நானே அழித்தேன். வேறு யாராவது இறந்துபோயிருந்தால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்கக்கூடியவர் அண்ணன்தான்.

இதைப் படிக்கும் பண்ணைக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் அவர் வெளி வேலை பார்த்தார், நான் ஆய்வகத்தில் இருக்கிறேன். அவர் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளைப் பார்ப்பார். நானும் அவ்வப்போது கூடவே போய்த் தண்ணீரும் தீவனமும் சோதனைக்கு எடுத்து வருவேன். போக்குவரத்தெல்லாம் அவருடைய பழைய வெள்ளைக் காரில்தான். என்னை அம்மிணி என்பார், நான் அண்ணா என்பேன். மரியாதை அதோடு சரி, பாதி வழி சண்டைதான்.

அவருடைய காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்து ஷெட்டில் விளக்கை அணைத்ததும் கோழிகள் மெல்ல அடங்கும். அப்போது அவர் நடுப்பாதையில் போய் நிற்பார். யாரையும் பேச விடமாட்டார், கையைத் தூக்கிவிடுவார். ஆயிரக்கணக்கான கோழிகளில் ஏதோ ஒன்று மூச்சை இழுக்கும்போது கொர்ரென்று சத்தம் வந்தால், அந்தப் பக்கம் விரலை நீட்டுவார். சளி நோயின் முதல் அடையாளம் அது. "மருந்து ஊத்தறது பெரிய வித்தை இல்லீங்க. மொதக் கொர்ரைக் கேக்கோணும். ரெண்டாவதைக் கேட்டா லேட்டுங்க," என்பார். இதை அவர் சொல்லிக் கேட்காத பண்ணைக்காரர் நம் பக்கத்தில் இருக்க முடியாது.

அவருக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தபோது அது ஏற்கெனவே பழைய இருமலாக இருந்தது. ஷெட்டைவிட்டு வந்து காரில் உட்கார்ந்து ஏசி போட்டதும் இருமுவார். ஷெட்டுக்குள் போய் வந்ததால் இருமுகிறீர்கள் என்று நான் சொல்வேன். ஏசி போட்டதால் இருமுகிறேன் என்று அவர் சொல்வார். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை. எது காரணம் என்று எங்கள் இருவருக்கும் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. அவர் தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் காரைப் பிரிக்க ஆரம்பித்தார்.

முதலில் ஹீட்டர். ஏசி ஓடும்போதே உள்ளே அனல் காற்று வந்தது. இன்ஜினிலிருந்து வரும் வெந்நீரை அடைக்கும் வால்வு இறுகிப்போய்த் திறந்தபடி நின்றுவிட்டது என்று கண்டுபிடித்தார். அந்த வெந்நீர் ஆவிதான் நெஞ்சை அறுக்கிறது என்றார். "ஏனுங்க அம்மிணி, நாமக்கல்லுக்கு ஹீட்டர் வெச்ச காரை எவனாச்சும் செய்வானா? சித்திரையில கதவைத் தொறந்தாலே ஹீட்டர்தான்." ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து கிளிப் போட்டு முறுக்கிவிட்டார். அனல் நின்றது. காருக்குள் உண்மையிலேயே குளிர்ந்தது. இருமல் நிற்கவில்லை.

பிறகு ஃபில்டர். முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டப்பாவைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இருக்கிறது, காற்றைச் சலிக்கும் சின்ன அட்டை. அவர் அதை உருவி எடுத்தபோது நானும் இருந்தேன். அட்டையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் படிந்திருந்தது, முழுக்கக் கோழியின் சன்ன இறகும் தீவன மாவும். இதையெல்லாம் ஒரு அட்டை பிடித்து வைத்திருக்கிறது, அட்டை இல்லாத இடத்தில் நீங்கள் நாள் முழுக்க நிற்கிறீர்களே என்று கத்தினேன். அவருக்கோ ஒரே சந்தோஷம், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல். புது ஃபில்டர் போட்டார். அதற்குமேல் நைலான் வலை ஒன்றையும் வெட்டி ஒட்டினார்.

அதன்பின் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சேலத்தில், சூரமங்கலம் பக்கம் இருக்கும் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே சட்டைக் கையைப் பிடித்து. மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பறவைத் தூசி நுரையீரலை இறுக வைத்துவிட்டது, இறுகிய இடம் இனித் திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்றே ஷெட்டை விட்டு வெளியே வாருங்கள் என்றார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் மல்லூர் தாண்டியதும் சொன்னார்: "டாக்டரும் தூசின்னுதானுங்களே சொல்றாரு. நாஞ் சொன்னதேதான். ஷெட்டுல சித்த நேரம், கார்லதான பொழுதன்னிக்கும்? காரை அடைச்சாப் போதுமுங்க." என்னால் அன்றைக்கு அழத்தான் முடிந்தது.

மாஸ்க்காவது போட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணியும் நானும் கெஞ்சினோம். அவர் மறுத்ததற்குக் காரணம் உங்களுக்கெல்லாம் தெரியும். தீவனக் கம்பெனி ஆள் மூக்கை மூடிக்கொண்டு ஷெட்டுக்குள் போனால், அந்தப் பண்ணையில் நோய் என்று பக்கத்துப் பண்ணையில் பேச்சு கிளம்பும். சாயங்காலத்துக்குள் வியாபாரி முட்டை எடுக்க வரமாட்டான். "என்ற மூக்கை மூடப்போயி ஒருத்தன் பொழப்பை மூடறதுங்களா?" என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. மாஸ்க் போட்டு வாருங்கள், நாங்கள் பயப்பட மாட்டோம் என்று நம்மில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆலையில் அவருக்கு ஆபீஸ் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். நாற்காலி, மேஜை, மேலே மின்விசிறி. சில நாள் உட்கார்ந்தார். ஒரு மத்தியானம் காணோம் என்று தேடினால் பண்ணையில் இருக்கிறார். ஏன் என்று போனில் கேட்டேன். "பேப்பர்ல இருக்கற கோழி சத்தம் போடாதுங்க அம்மிணி," என்றார்.

கோடையில் அவர் முழு டேஷ்போர்டையும் இறக்கினார். வெளிக்காற்றை அடைக்கும் தட்டு ஒன்று உள்ளே இருக்கிறதாம். அதைத் திருப்பும் பிளாஸ்டிக் கை உடைந்து, தட்டு மூடாமல் நின்றதால் ஷெட் வாசலில் நிற்கும்போதெல்லாம் அந்தக் காற்று காருக்குள் வந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது வாசலில் கார் குடல் சரிந்து கிடந்தது. கழற்றிய திருகுகளை முட்டை அட்டைகளில், குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே வைத்திருந்தார். நான்கு திருகு கழற்றுவார், தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி எழுவார். அண்ணி ஈஸ்வரி காப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களாச்சும் சொல்லுங்க அம்மிணி. இந்தக் கெரகம் புடிச்ச காரைத் தள்ளிப்போட்டு ஆசுபத்திரிக்குப் போலாமுங்க," என்றார். அண்ணன் உடைந்த பிளாஸ்டிக் கையைச் செம்புக் கம்பியால் கட்டி, தட்டின் ஓரத்தில் சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டிக்கொண்டிருந்தார். "இது ஒண்ணு முடியட்டும்," என்றார். ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாத் திருகுகளும் திரும்ப ஏறின. இனிமேல் ஒரு பொட்டுத் தூசி உள்ளே வராது என்று சொன்னார். அது உண்மைதான்.

அதற்கு அடுத்து நடந்ததை அண்ணியிடம்கூட நான் சொன்னதில்லை. நாமகிரிப்பேட்டையில் ஒரு பண்ணை பார்த்துவிட்டு ராசிபுரம் வழியாக வந்துகொண்டிருந்தோம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி ஓடியது, சாலைச் சத்தம்கூட அவ்வளவாக உள்ளே வரவில்லை. கொர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும். அண்ணன் காரை ஓரம்கட்டினார். ஷெட்டில் நிற்பதுபோலவே கையைத் தூக்கினார். குனிந்து, காற்று வரும் துளையில் காதை வைத்தார்.

"கேக்குதுங்களா அம்மிணி? ப்ளோயர் பேரிங் போச்சு."

நான் கையை நீட்டி, ஏசிக் காற்றைத் தள்ளும் அந்த ப்ளோயரை அணைத்தேன். சாவியையும் திருப்பினேன். காற்று நின்றது, இன்ஜின் நின்றது. வெளியே ஒரு லாரி போய் முடிந்தது. அதற்குப் பிறகும் கேட்டது. கொர். இடைவெளி. கொர்.

எத்தனையோ ஷெட்டுகளில் எங்கோ மூலையிலிருக்கும் ஒற்றைக் கோழியின் மூச்சைப் பிடித்த காது அது. கேட்காமல் இருந்திருக்காது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன். அவர் சொன்னார்: "சுத்தினது ஒடனே நிக்காதுங்க. சித்த நேரம் ஆகும்." சரிங்கண்ணா என்றேன். காரை எடுத்தார். நாமக்கல் வரும்வரை ஏசி போடவில்லை, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வந்தோம். அவருக்குத் தெரியாது, பாவம், வெள்ளந்தி மனுஷன் என்று துக்கம் கேட்க வந்த இடத்தில் சிலர் பேசினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்துதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ப்ளோயர் வாங்கி மாட்டினார்.

பிறகு பண்ணைக்குப் போக அவரால் முடியவில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. அது இரைந்துகொண்டே இருக்கும். போய்ப் பார்த்த அன்று, "இதுல ஃபில்டர் மாத்துனாங்களான்னு கேளுங்க," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, காரில் போய் உட்கார்ந்து பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். போய் உட்கார்ந்தேன். அப்படி ஒரு குளிர், அப்படிச் சுத்தமான காற்று. கோழி வாடை துளிகூட இல்லை. வந்து சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லாத்தான் பண்ணிப்போட்டேன்," என்றார். அதற்கப்புறம் அவர் என்னிடம் நிறையப் பேசவில்லை, பேச மூச்சும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு ஒரு தீவனச் சாக்கைக் கொடுத்தார். உள்ளே பழைய ப்ளோயர் மோட்டார் இருந்தது. இது என்னத்துக்கு என்று தெரியவில்லை, எடைக்குப் போட மனசு வரவில்லை, நீங்கள் கொண்டுபோங்கள் என்றார். ஆய்வகத்துக்கு எடுத்து வந்து மேஜையடியில் வைத்திருந்தேன். பல நாள் தொடவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். போன வாரம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அதை மேஜைமேல் எடுத்து வைத்தேன். ஒரு பழைய பேட்டரியைக் கொண்டுவந்து மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் அதில் இணைத்தேன். எனக்கு விடை தெரியும். தெரிந்தும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்: ஒரே ஒரு தடவை கொர் என்று சொல்லிவிடு, அந்த மனுஷன் சொன்னதில் இதாவது நிஜமாக இருக்கட்டும். அவரைப்போலவே கையைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

மோட்டார் சுற்றியது. புதுசுபோல, ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றியது.