சுற்றறிக்கையார் எழுப்பிய கொட்டகை

அலுவலகத்தில் அவருக்குச் சுற்றறிக்கையார் என்று பெயர். ஆவணக் காப்பறையில் இருபத்தேழு ஆண்டுகள். காகிதம் எதுவானாலும் முதலில் இரண்டு ஓட்டை போடுவார், பிறகு நாடா கோப்பார், படிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சொந்தக் கல்யாணப் பத்திரிகைக்கும் அதே கதிதான்.

இப்படிப்பட்டவர் தோட்டத்தில் கொட்டகை எழுப்ப நேர்ந்தது அக்காவால். முழங்கால் அறுவை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். மாடி ஏறக் கூடாது. கீழே இருந்த ஒரே அறையில் புல்வெட்டும் இயந்திரமும் ஏணியும் மண்வெட்டிகளும் பல வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அக்கா போனில் சொல்லிவிட்டார்: "எடமில்லன்னா சொல்லிடுடா. முதியோர் இல்லத்துல ஒரு கட்டிலுக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஒனக்கு எதுக்குக் கஷ்டம்?"

பள்ளிக்கூடத்தில் தம்பிக்காக மூன்று பேருடன் கட்டிப்புரண்டு சண்டை போட்ட அக்கா. அந்தக் கடைசி வாக்கியம் சுற்றறிக்கையாரைச் சரியாகச் சாப்பிடவிடவில்லை.

கீழறைச் சாமான்களைக் குடியேற்றத் தகரக் கொட்டகை ஒன்று, நாமே பூட்டிக்கொள்ளும் வகை, வாங்கினார். சனிக்கிழமை காலை அதன் பெட்டி பிரிக்கப்பட்டது. தகரத் தகடுகள், நூற்று நாற்பத்தெட்டு திருகாணிகள் (எண்ணிக் கையெழுத்திடப்பட்டன), எழுத்தே இல்லாமல் பக்கம் முழுக்கப் படங்களாக ஒரு செய்முறைப் புத்தகம். அதற்கும் முறைப்படி இரண்டு ஓட்டை விழுந்தது. நாடா கோப்பது மட்டும் வேலை முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

நாலாம் பக்கத்தில் சிக்கல். படத்திலிருந்த சுவரில் இரண்டு ஓட்டைகள். கையிலிருந்த தகட்டில் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலையின் அலட்சியத்தை வருத்தத்துடன் குறித்துக்கொண்டு, துளைக் கருவியால் தாமே போட்டார். ஐந்தாம் பக்கத்திலும் அதே குறை. ஆறிலும். மூன்று சுவர்களுக்கும் பாரபட்சமின்றி நீதி வழங்கிவிட்டு, கூரைத் தகட்டை எடுத்தபோது மனைவி வந்தார். புத்தகத்தைப் புரட்டி, வேலையை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் மனிதனின் படத்தைக் கடைசிப் பக்கத்தில் காட்டினார்.

"என்னங்க, இந்தாளு வயித்துல ஓட்டை ஒண்ணு இருக்கு, பக்கத்துல வெறும் எடத்துல ஒண்ணு இருக்கு. அங்கயும் துளை போடப்போறீங்களா?"

சுற்றறிக்கையார் புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லாப் பக்கங்களின் வழியாகவும் ஒரே வானம் தெரிந்தது. மெல்லப் புல்தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா இல்லத்துக்குப் போயிடுவா" என்றார்.

மனைவி தன் தம்பிக்குப் போன் செய்தார். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். வந்தவன் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், இத யாரு சுட்டாங்க?" என்று மரியாதையாக விசாரித்தான். பிறகு ரப்பர் வாஷரும் போல்ட்டும் வைத்து ஆறு ஓட்டைகளையும் இறுக்கி அடைத்தான். காயம்படாத கூரை ஐந்து மணிக்கு ஏறியது. விளக்கு வைப்பதற்குள் புல்வெட்டி, ஏணி வகையறாக்கள் புது வீடு போயின; கீழறையில் கட்டில் விழுந்தது.

மறுநாள் அக்கா ஊன்றுகோலுடன் அறைக்குள் வந்தார். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். போனை வாங்கி ஒரு எண்ணை அழுத்தினார்.

"அந்தக் கட்டில வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கம்மா. நான் என் தம்பி வீட்டுக்கு வந்துட்டேன்."

சுற்றறிக்கையார் அவசரமாகத் தோட்டத்துக்குப் போய், கொட்டகையின் பின்சுவரைக் கால்மணி நேரம் ஆய்வு செய்தார். கண்ணில் தகரத்தூள் விழுந்துவிட்டதாகத் திரும்பி வந்ததும் மனைவிக்குத் தெரிவிக்கப்பட்டது. துளை போட்டு முழுசாக ஒரு நாள் ஆகிவிட்டதை மனைவி நினைவூட்டவில்லை.